அப்பா பெய்லிஃபாக நடித்த சனிக்கிழமை

ஆக்லாந்தின் ஒடாஹுஹு பகுதியில் வாடகைக்கு எடுத்த ஒரு ஹாலின் மரத்தரையில் சாக்பீஸால் ஒரு வீடு வரைந்திருந்தார்கள். வாசலுக்கு ஓர் இடைவெளி. அடுப்புக்கு ஒரு வட்டம். கட்டிலுக்கு ஒரு நீள்சதுரம். வாசலுக்கு முன்னால், ஜப்தி செய்ய வந்த கோர்ட் ஆளாக, என் அப்பா நின்றிருந்தார். தலையில் யாரோ கொடுத்த கம்பளித் தொப்பி, கையில் ஒரு கோல். உள்ளே போவதற்கு முன் குனிந்து ஷூ லேஸை அவிழ்த்தார்.

கூட்டம் சிரித்துக் கைதட்டியது. சாக்பீஸ் வீட்டுக்குள் நுழைய ஷூவைக் கழற்றும் பெய்லிஃபை அவர்கள் எங்கே பார்த்திருப்பார்கள்?

வெளியே குளிர்காலத் தூறல். உள்ளே ஈரக் கோட்டுகளின் வாசனையும் வெங்காயம் வதங்கும் வாசனையும் கலந்திருந்தன. நான் சுவரோரம் புரொஜெக்டரைக் கவனித்துக்கொண்டு நின்றேன். நானும் சிரித்தேன். முன்பின் தெரியாத இத்தனை பேர் அப்பாவை ரசிக்கிறார்கள், இனி அவர் இந்த ஊரில் தங்கிவிடுவார் என்று அந்த நிமிடம் முழுதாக நம்பினேன்.

பார்க்க வந்தவர்

அப்பா நியூசிலாந்துக்கு என்னைப் பார்க்க விசிட்டர் விசாவில் வந்திருந்தார். அம்மா இறந்த பிறகு ஊரில் தனியாக இருந்தார். எனக்கு உடன்பிறந்தவர்கள் இல்லை. இங்கேயே நிரந்தரமாக இருக்க விண்ணப்பிக்கலாம். வரிசை நீளம், ஆனாலும் கிடைக்கும். அதற்கு அவர் சம்மதிக்க வேண்டும். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் காத்திருந்தேன்.

நான் டேட்டாபேஸ் வேலை பார்ப்பவள். பட்டியல் போடாமல் எனக்கு யோசிக்க வராது. அப்பா தங்குவதற்கான காரணங்களை ஒரு தாளில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டினேன். வெயில் விழும் அறை, நடந்துபோகும் தூரத்தில் டாக்டர், வாரம் ஒருமுறை கோயில், முருங்கைக்காய் கிடைக்கும் கடை. அப்பா அதைப் படித்துவிட்டு, "முருங்கைக்காயை முதல்ல போட்டிருக்கணும்" என்றார்.

அவருக்கு உண்மையில் பிடித்திருந்தது என் பட்டியலிலேயே இல்லை. அது நடை. காலையில் ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு கிளம்பினால் எங்கள் பகுதியான பாபடோயிட்டோயில் எந்தத் தெருவிலும் நுழைவார். முட்டுச்சந்துக்குள் கடைசி வீடு வரை போய்த் திரும்புவார். வேலியோரம் நிற்கும் பஞ்சாபிப் பெரியவர்களுக்கு வணக்கம் சொல்வார். அவர்கள் பதிலுக்கு எலுமிச்சம்பழம் தருவார்கள். தலைக்கு மேல் தாழ்ந்து இறங்கும் விமானங்களை நின்று பார்த்துவிட்டு வருவார்.

"எந்தத் தெருவுக்குள்ள வேணாலும் போலாம் போல இருக்கே, பாப்பா" என்று ஒருநாள் சொன்னார். நடைபாதை நன்றாக இருப்பதைச் சொல்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

அவருடைய வேலையைப் பற்றி இந்தத் தொடரில் அங்கங்கே எழுதியிருக்கிறேன். இன்று புதிதாகப் படிப்பவருக்காக ஒருமுறை சொல்லிவிடுகிறேன். தென்காசிக்குக் கிழக்கே ஒரு சிறு டவுனில், முன்சீப் கோர்ட்டில் அமீனாவாக இருந்தவர். தீர்ப்பு வந்த பிறகும் கடன் தீராவிட்டால், வீட்டுக்குப் போய்ச் சாமான்களை ஜப்தி செய்து வருவது அமீனாவின் வேலை. தீர்ப்பு சொன்ன நீதிபதி சில வருடங்களில் மாற்றலாகிப் போய்விடுவார். அவர் முகம் ஊரில் பலருக்கு ஞாபகம் இருக்காது. சாமானைத் தூக்கிச் சென்றவரின் முகம் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும்.

பள்ளியில் அப்பா என்னை அழைத்துப்போக வந்தால், என் பெஞ்சுத் தோழி டிபன் பாக்ஸை எடுத்து மடியில் ஒளித்துக்கொள்வாள். "ஏட்டி, உங்கய்யா ஜப்தி பண்ணிருவாரு!" எல்லோரும் சிரிப்பார்கள். அவள் நல்லவள்தான். மறுநாள் அதே டிபன் பாக்ஸிலிருந்து எனக்குப் புளியோதரை கொடுப்பாள்.

மதுக்கடையில் கூடிய கோர்ட்

நோரா எங்கள் தெருக்கோடியில் இருப்பவர். நில அளவைத் துறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். அயர்லாந்திலிருந்து வந்த குடும்பம். அவரைப் போன்ற சிலர் சேர்ந்து ஒரு சின்னக் குழு வைத்திருக்கிறார்கள். அயர்லாந்தின் பழைய மேனர் கோர்ட்டுகளில் யார் யார் என்ன பதவியில் இருந்தார்கள் என்று பெயர் திரட்டுவது அவர்கள் வேலை. அந்தப் பெயர்களை வைக்க ஒரு டேட்டாபேஸ் வேண்டும் என்று நோரா கேட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் செய்து கொடுத்தேன்.

மேனர் என்றால் ஒரு பிரபுவின் நில எல்லை. நிலத்தைக் கொடுத்த அரசர், அங்கே வழக்கு விசாரிக்கும் உரிமையையும் சேர்த்துக் கொடுத்துவிடுவார். பிரபு தானே வந்து உட்கார மாட்டார். தன் சார்பில் ஒருவரை நியமிப்பார். அவருக்குப் பெயர் செனஷல். சில செனஷல்கள் சட்டம் படித்தவர்கள். சிலர் பிரபுவின் கணக்கைப் பார்ப்பவர்கள். சிலருக்கு இரண்டும் தெரியாது.

செனஷலுக்குக் கீழே ஊர்க்காரர்களே உட்காரும் ஜூரி. அதற்கும் கீழே பெய்லிஃப். சம்மன் கொண்டுபோய்க் கொடுப்பதும், கோர்ட் கூடுகிறது என்று கத்திச் சொல்வதும், தீர்ப்புக்குப் பிறகு பொருளைப் பறிமுதல் செய்வதும் அவர்தான்.

கட்டடம் கிடையாது. பெரும்பாலும் ஊர் மதுக்கடையில்தான் கூடுவார்கள். வழக்குகளும் சின்னவை. பக்கத்து வீட்டுப் பன்றி உருளைக்கிழங்குப் பாத்தியில் புகுந்தது, கூலி தரவில்லை, கொடுத்ததைத் திருப்பித் தரவில்லை. வென்றவர் ஜூரிக்குக் குடிக்க வாங்கிக் கொடுப்பதும் உண்டாம். பெரிய கோர்ட் தூரத்தில் இருந்தது, செலவும் அதிகம். இது பக்கத்தில் இருந்தது, சீக்கிரம் முடிந்தது. அதனால் மக்கள் இதைத் திட்டிக்கொண்டே இதற்குத்தான் வந்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் ஒரு சட்டம் போட்டு மொத்தமாக மூடிவிட்டார்கள்.

இதையெல்லாம் ஒரு மாலை அப்பாவிடம் சொன்னேன். கடலை உரித்துக்கொண்டிருந்தார்.

"நம்ம ஜமீன் கச்சேரி மாதிரி இருக்கும் போல."

"கிட்டத்தட்ட அப்படித்தான்."

"இதுல அமீனா யாரு?"

"பெய்லிஃப்."

"அவருக்குச் சம்பளமா, இல்ல கேஸுக்கு இவ்வளவுன்னா?"

"கேஸுக்கு இவ்வளவுன்னுதான் நோரா சொல்றாங்க."

அப்பா கடலைத் தோலை ஊதினார். "பாவம்" என்றார். பெய்லிஃபைச் சொன்னாரா, அவர் போன வீடுகளைச் சொன்னாரா என்று தெரியவில்லை. நான் கேட்கவும் இல்லை.

பெயர் தர வராதவர்கள்

டேட்டாபேஸில் ஒவ்வொரு பதவிக்கும் ஓர் இடம் வைத்திருந்தேன். செனஷல்கள் வேகமாக நிரம்பினார்கள். பக்குரங்கா என்ற புறநகரிலிருந்து ஒருவர் தன் கொள்ளுத்தாத்தாவின் ஓவியத்தையே சுவரிலிருந்து கழற்றி எடுத்துக்கொண்டு வந்தார். வேறொருவர் செனஷல் வைத்திருந்த கைத்தடியின் படத்தை அனுப்பினார். ஜூரிகளும் ஓரளவு வந்தார்கள்.

பெய்லிஃப்களுக்கான இடம் காலியாகக் கிடந்தது.

என் புரோகிராமில்தான் கோளாறு என்று நினைத்து ஒரு வார இறுதி முழுக்கத் தேடினேன். நோரா டீக்கோப்பையோடு பின்னால் வந்து நின்றார். "கோளாறு இல்லை. யாரும் தர மாட்டார்கள். எங்கள் பாட்டி ஒரு குடும்பத்தைக் காட்டி, 'அவர்கள் பெய்லிஃப் வழி' என்று குரலைத் தாழ்த்திச் சொல்வாள். கடலைத் தாண்டி இந்தப் பக்கம் வந்த பிறகும்."

"கோர்ட்டை மூடிய பிறகு அவர்கள் என்ன ஆனார்கள்?"

"யாருக்குத் தெரியும்? சிலர் கப்பலேறி இருக்கலாம். இறங்கிய இடத்தில் விவசாயி என்று சொல்லியிருப்பார்கள். நான் அப்படித்தான் சொல்லியிருப்பேன்."

அந்தக் குளிர்காலத்தில் குழு ஒரு கண்காட்சி வைத்தது. கூடவே ஒரு நாடகம், பழைய மேனர் கோர்ட் எப்படி நடந்தது என்று காட்ட. நோரா செனஷல். ஓய்வுபெற்ற பல் டாக்டர் ஒருவர், பன்றியை அவிழ்த்துவிட்ட குடியானவர். ஜூரிக்கு ஆள் கிடைத்தது. பெய்லிஃபாக நடிக்க யாரும் முன்வரவில்லை. நாடகத்தில்கூட.

"உன் அப்பா இதே வேலையில் இருந்தவர்தானே? வருவாரா?" என்றார் நோரா.

கேட்டேன். அப்பா முதலில் கூச்சப்பட்டார். பிறகு தொப்பியைத் தலையில் வைத்துக் கண்ணாடியில் பார்த்தார். "எங்க கோர்ட்ல இது கிடையாதே" என்று சிரித்தார். அம்மா போன பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

ஒத்திகையில் ஒரே ஓர் இடத்தில் நின்றார். பன்றி வழக்கில் தோற்றவர் வீட்டிலிருந்து பெய்லிஃப் சமையல் பானையைத் தூக்கிவர வேண்டும். "பானையை எடுக்கக் கூடாதே" என்றார் என்னிடம். மொழிபெயர்த்துச் சொன்னேன். அந்தக் காலத்தில் பானையையும் கம்பளியையும் விட்டுவைத்ததில்லை என்றார் நோரா. அப்பா தலையாட்டினார். ஆனால் ஒத்திகை முடியும்வரை அந்தப் பானையை இரண்டு கையாலும் பிடித்தபடியே இருந்தார்.

வடைத் தட்டோடு நின்றவர்

ஷூவைக் கழற்றிவிட்டு அப்பா சாக்பீஸ் வாசலில் நின்றார். நோரா அவரிடம், "உங்கள் ஊரில் எப்படிச் செய்வீர்களோ அப்படியே செய்யுங்கள், உங்கள் மொழியிலேயே" என்று சொல்லியிருந்தார். அப்பா கைகூப்பினார். எனக்கே பழக்கமில்லாத ஒரு மெல்லிய குரலில், "அம்மா, கோர்ட்லருந்து வந்திருக்கேன். உள்ள வரலாமா?" என்றார்.

ஒரு வார்த்தை புரியாமலே கூட்டம் மறுபடி கைதட்டியது.

ஹாலின் பின்பக்கம் சாப்பாட்டுக் கடைகள் இருந்தன. கோயிலுக்கு நிதி சேர்க்க ஒரு வடைக் கடையும் போட்டிருந்தார்கள். அங்கிருந்து ஒரு பெண் நாற்காலிகளுக்கு நடுவே வந்தார். நாற்பதைத் தாண்டியவர். ஏப்ரனில் மாவு. கையில் வடைத் தட்டு. யாருக்கோ கொடுக்கப் போகிறார் என்று எல்லோரும் வழிவிட்டார்கள். நாடகம் முடிந்து பானையோடு வெளியே வந்த அப்பாவின் முன் நின்றார்.

"எங்க வீட்டுக்கு வந்தப்பவும் இப்படித்தான் செருப்பைக் கழத்திப் போட்டுட்டு வந்திய."

பேச்சைக் கேட்டதுமே அப்பாவின் முகம் மாறியது. எங்கள் ஊர்ப் பேச்சு.

"எந்தத் தெரும்மா?"

"செக்கடித் தெரு. வாடகை சைக்கிள் முருகேசன் மக. கலா."

அப்பா தொப்பியைக் கழற்றினார். கொஞ்ச நேரம் அந்தப் பெண்ணின் முகத்தையே பார்த்தார். மனதுக்குள் தெருத்தெருவாகத் தேடுகிறார் என்று தெரிந்தது.

"ஞாபகம் இல்லம்மா" என்றார்.

"இல்லையா?"

"நெறைய வீடும்மா."

கலா அக்கா தட்டை ஒரு நாற்காலியில் வைத்தார். அவர் கோபப்படுவார் என்று நான் முன்னால் வந்தேன். அவர் கோபப்படவில்லை. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, குழந்தைக்குச் சொல்வதுபோல் நிதானமாகச் சொல்லத் தொடங்கினார்.

"நீலக் கதவு. உள்ள வந்தா வலப்பக்கம் பீரோ. பீரோ மேல எங்க மாமா சிங்கப்பூர்லருந்து கொண்டாந்த ரேடியோ. நீங்க செருப்பைக் கழத்தவும், எங்கம்மை ஏதோ விருந்தாளின்னு நெனைச்சுட்டா. 'வாங்க, உக்காருங்க, அவிய இப்ப வந்துருவாவ'ன்னு பாயை விரிச்சா. மோர் கலக்கிட்டு வந்தா. நீங்க வாங்கிக் குடிச்சிய. குடிச்சு முடிச்ச பெறவுதான் பேப்பரை எடுத்திய."

அப்பா கையிலிருந்த பானையைக் கீழே வைத்தார்.

"பீரோ போச்சு. ரேடியோ போச்சு. கடைச் சைக்கிளைப் பூராவும் டெம்போல ஏத்துனாவ. நான் ஓட்டிப் பழகுன குட்டி சைக்கிளும் அதுல. தெருவே பாத்துக்கிட்டு நின்னுச்சு. எங்கய்யா அதுக்குப் பெறவு அந்தத் தெருவுல தலைநிமிந்து நடக்கலை. ஒரு வருசத்துல ஊரையே காலி பண்ணிட்டோம்."

அவர் மூச்சு விட்டார்.

"ஆனா ஒண்ணு. அடுப்படிக்குள்ள நீங்க போகலை. பாத்திரம் ஒண்ணையும் தொடலை. எங்கம்மை சாகுத வரைக்கும் அதைச் சொல்லுவா. 'அந்த மனுசனுக்கும் மனசு இருந்திருக்கு, புள்ளைக்குச் சோறு பொங்கப் பாத்திரத்தை விட்டுட்டுப் போனாரு'ன்னு."

அப்பா தலைகுனிந்தபடியே சொன்னார்: "அது சட்டம்மா. சமையல் பாத்திரத்தைத் தொடக் கூடாது. எந்த வீட்டுலயும் தொட மாட்டோம்."

இந்த ஒன்றையாவது ஏற்றுக்கொண்டிருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. அவர் ஏற்றுக்கொள்ளவில்லை. இல்லாத இரக்கத்துக்கு நன்றி வாங்க அவருக்கு வரவில்லை. கலா அக்காவின் முகத்தில் அப்போதுதான் கண்ணீர் வந்தது. அதுவரை வரவில்லை.

நோரா மூன்று கோப்பை டீயோடு வந்தார். "ஒரே ஊர்க்காரர்களாமே! இத்தனை தூரத்தில் சந்தித்திருக்கிறீர்கள். எவ்வளவு சந்தோஷம்!" யாரோ எங்கள் நால்வரையும் சேர்த்துப் படம்கூட எடுத்தார்கள். அதில் எல்லோரும் கோப்பையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

கால் போகாத தெரு

காரில் வரும்போது அப்பா சீட் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டே வந்தார். வைப்பர் போய் வந்துகொண்டிருந்தது. வீட்டு வாசலில் நிறுத்தியதும், "டிக்கெட்டு போட்டுரும்மா" என்றார்.

நான் இன்ஜினை அணைக்கவில்லை. "அவங்க கோபமாவே பேசலையேப்பா."

"கோவப்பட்டிருந்தா நல்லாருந்திருக்கும்."

"ஒருத்தங்க. இந்த ஊர்ல ஒரே ஒருத்தங்க."

"அது உனக்குத் தெரியுமா?"

தெரியாது. என்னிடம் அதற்குப் பட்டியல் இல்லை.

அப்பா கண்ணாடியில் வழியும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு பேசினார். "ஊர்ல எனக்குப் போக்குவரத்துக்குன்னு வழி இருக்கு. பால் வாங்க ஒரு வழி, கோயிலுக்கு ஒரு வழி. உங்கம்மை கேப்பா, எதுக்கு இப்படிச் சுத்திக்கிட்டுப் போறியன்னு. அந்தத் தெருக்காரங்க எதுக்கால வந்து சங்கடப்பட வேண்டாம்னுதான். செக்கடித் தெருவுல கால் வச்சு எத்தனையோ வருசம் ஆச்சு. எதுக்குப் போறதில்லைங்கிறதே மறந்துபோச்சு பாரு. கால் மட்டும் போகாது."

"சரி. இங்க எதுக்கு..."

"இங்க அப்படி ஒரு தெருவும் இல்லைன்னு நெனைச்சேன்." கதவைத் திறந்தார். "அங்க யாரைப் பார்த்து ஒதுங்கணும்னு எனக்குத் தெரியும். இங்க எனக்குத் தெரியாது. அவங்களுக்குத்தான் என்னைத் தெரியும். நான் எப்படி ஒதுங்குவேன்?"

மறுநாளிலிருந்து அவர் நடக்கப் போகவில்லை. பின்பக்கம் துணி காயப்போடும் கம்பிக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நான் வேலையிலிருந்து வந்து அவரோடு வாதாடினேன். ஊரில் தனியாக விழுந்தால் யார் பார்ப்பார்கள் என்றேன். அம்மா இருந்தால் என்ன சொல்வாள் என்றேன். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். எதையும் மறுக்கவில்லை. மறுக்காத ஒருவரிடம் என்ன வாதாடுவது?

விண்ணப்பத்தைக் கம்ப்யூட்டரில் பாதி நிரப்பி வைத்திருந்தேன். அதை மூடிவிட்டு டிக்கெட் போட்டேன்.

கலா அக்கா வந்த மாலை

கோயிலில் யாரோ சொல்லியிருக்க வேண்டும். அப்பா கிளம்புவதற்கு முந்தைய நாள் மாலை கலா அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தார். முதியோர் இல்லத்தில் வேலை முடித்து, யூனிஃபாரத்தோடு அப்படியே வந்திருந்தார். ஐஸ்கிரீம் டப்பாவில் ஏதோ கொண்டுவந்திருந்தார். காரில் அவர் கணவர் உட்கார்ந்திருந்தார். ஃபிஜிக்காரர், தச்சு வேலை செய்பவர். உள்ளே வாருங்கள் என்றதற்குக் கையை மட்டும் அசைத்தார்.

அப்பா எழுந்து நின்றார். கலா அக்கா உட்காரவில்லை.

"நான் சொன்னதுக்குத்தான் போறியளா?"

"இல்லம்மா. எனக்கே போகணும்னுதான் இருந்துச்சு."

"பொய் சொல்லாதிய. அன்னைக்கு எங்களை ஊரை விட்டுப் போக வச்சிய. இன்னைக்கு நீங்க போயி, இந்த வயசுல ஒரு மனுசனைத் தொரத்துன பழியை என் தலைல போடுதியளா?"

"பழியெல்லாம் இல்லம்மா."

"நான் ஏன் அத்தனையும் உங்ககிட்ட சொன்னேன்னு நெனைக்கிய? எங்கய்யா இல்ல. அம்மை இல்ல. தம்பி அப்ப தொட்டில்ல கெடந்தான், அவனுக்கு ஒண்ணும் தெரியாது. எங்க வீட்டுக்காரருக்கு வா, போ தவிர தமிழ் வராது. பிள்ளைய இங்கிலீசுலதான் பதில் சொல்லுதுவ. அந்த வீட்டுக்குள்ள வந்து பாத்தவங்கள்ல, எனக்குத் தெரிஞ்சு உசிரோட இருக்கது நீங்க ஒருத்தருதான். உங்களுக்கும் ஞாபகம் இல்ல. சரி, நான் சொன்னேன். இப்ப உங்களுக்குத் தெரியும்லா? நீங்களும் போயிட்டா நான் யார்கிட்டப் போயி அதைப் பேசுவேன்?"

அப்பா கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டார்.

"இருங்க. கோயில்ல பாத்தா, 'நல்லாருக்கியா'ன்னு ஒரு வார்த்தை கேளுங்க. அது போதும்."

"அதுக்கு எனக்குத் தைரியம் இல்லம்மா" என்றார் அப்பா.

வெளியே ஹாரன் ஒருமுறை மெல்ல ஒலித்தது. கலா அக்கா டப்பாவை என் கையில் கொடுத்தார். "அதிரசம். கெட்டுப்போகாது. பிளேன்ல சாப்பிடச் சொல்லு." படியிறங்கி, பாதி வழியில் திரும்பினார்.

"அப்ப ஒண்ணு செய்யுங்க. ஊருக்குப் போயி, செக்கடித் தெருவுக்கு ஒருநாள் போங்க. வடக்கே இருந்து மூணாவது வீடு. எப்படி இருக்குன்னு பாத்துச் சொல்லுங்க."

அப்பா சரி என்று தலையசைத்தார். அவருக்கு அது எவ்வளவு பெரிய வாக்குறுதி என்று எனக்குத் தெரியும். கலா அக்காவுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

ஞாயிற்றுக்கிழமை போன்

அப்பா போன பிறகு வீடு பெரிதாகிவிட்டது. நோரா கேட்டார், டேட்டாபேஸில் பெய்லிஃப் என்பதற்குக் கீழே அப்பாவின் பெயரைப் போடலாமா, நன்றிக்காக, என்று. வேண்டாம் என்றேன். காரணம் கேட்காமல், என் தோளைத் தொட்டுவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவோடு போனில் பேசுவேன். மாத்திரை, மழை, தண்ணீர் வரும் நேரம் என்றே பேச்சு போகும். சில வாரங்களுக்குப் பிறகு ஒருநாள், நான் கேட்காமலே சொன்னார்.

"நேத்து செக்கடித் தெருவுக்குப் போனேன்."

நான் சமையலறையில் நின்றுகொண்டிருந்தேன். அடுப்பை அணைத்தேன்.

"எப்படிப்பா இருந்துச்சு?"

"யாரும் ஒண்ணும் சொல்லலை. எல்லாம் புது ஆளுங்க. என்னை யாருக்கும் தெரியலை. அந்த வீடு இல்லம்மா. பக்கத்து வீட்டையும் சேர்த்து இடிச்சு, கீழ செல்போன் கடை, மேல ட்யூசன் சென்டர். ஒரு செவரு கூட மிச்சமில்ல. கொஞ்ச நேரம் நின்னு பார்த்தேன். அந்தப் பிள்ளை சொன்ன மாதிரி, இங்கதான் கதவு, இங்கதான் பீரோன்னு."

"கலா அக்காகிட்டச் சொல்லட்டுமா?"

"வேண்டாம்."

"கேப்பாங்களே."

"இன்னும் போகலைன்னு சொல்லு."

"சொன்ன வாக்கைக் காப்பாத்தலைன்னு உங்களைத்தான் தப்பா நெனைப்பாங்க."

"என்னைத்தானே? நெனைச்சுக்கிடட்டும்" என்றார் அப்பா. பிறகு தண்ணீர் வருகிறது என்று போனை வைத்துவிட்டார்.

பாபடோயிட்டோயில் நானும் கலா அக்காவும் சாமான் வாங்குவது ஒரே கடையில். சனிக்கிழமை காலைகளில் அரிசி மூட்டைகளுக்கும் ஃப்ரீசருக்கும் நடுவே சந்தித்துக்கொள்வோம். முதலில் விலைவாசியைப் பேசுவார். பிறகு அவருடைய பிள்ளைகளின் பரீட்சை. பிறகு, வேறெங்கோ பார்த்துக்கொண்டு, மெதுவாகக் கேட்பார்.

"ஐயா அந்தப் பக்கம் போனாவளா, தங்கச்சி?"

"இன்னும் போகலை, அக்கா."

"போக மாட்டாவ. எனக்கு அப்பமே தெரியும்." கூடையில் இருப்பதை ஒதுக்கி அடுக்குவார். அப்பாவைப் பற்றி நான் இவ்வளவும் எழுதுவது தமிழ்நாட்டில் வரும் பத்திரிகையில். கலா அக்கா இதைப் படிக்கமாட்டார் என்று நம்புகிறேன்.

போன வாரம் கூடையைத் தரையில் வைத்துவிட்டு என் கையைப் பிடித்தார்.

"ஒருவேளை போனாவன்னா, உள்ள இப்ப யாரு குடியிருக்கான்னு மட்டும் கேட்டுட்டு வரச் சொல்லு. சின்னப் பிள்ளைய இருக்கான்னு."

"சொல்றேன், அக்கா" என்றேன்.